விடிந்த பிறகும் நிற்கும் மேடை: கூவாகமும் தாமதமாக வரும் ஓர் இளமைக் கனவும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. அங்கிருந்து கிழக்கே இறங்கினால் நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி. அந்தச் சமவெளியில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது கூவாகம். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது இந்தச் சிற்றூரும் விழுப்புரத்திலிருந்து பிரிந்து வந்தது. ஆண்டில் பெரும்பகுதி உழவும் அறுப்புமாகக் கழியும் ஊருக்கு, சித்திரையில் சாகை வார்த்தல் என்னும் கூழ் வார்ப்போடு பதினெட்டு நாள் திருவிழா தொடங்குகிறது. கூத்தாண்டவரான அரவானைக் கணவனாக ஏற்று ஓர் இரவு தாலி கட்டிக்கொள்ளவும், மறுநாள் அந்தத் தாலியை அறுத்து அழவும் தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும், அதற்கு அப்பாலிருந்தும் திருநங்கையர் வருகிறார்கள். அதே நாள்களில், சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவில் லாட்ஜுகளும் ரயில் சந்திப்பும் உள்ள விழுப்புரத்தில் 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டி நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் 'மிஸ் திருநங்கை' முதலிய பெயர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட போட்டிகளும் நடக்கின்றன. திருவிழாவைப் பற்றி மானிடவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். போட்டிக்கோ நாளிதழ்களில் ஒரு வண்ணப் படமும் நான்கு வரிச் செய்தியும் கிடைப்பதோடு சரி. வழிபாட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட மேலைநாட்டுக் கேளிக்கை என்று அதைத் தள்ளிவிடுவது எளிது. என் வாதம் வேறு. பெண்மையை இந்த உடல்களில் காண இந்த வட்டாரம் நெடுங்காலமாக மேடை தந்தே வந்திருக்கிறது, ஆனால் விடிவதற்குள் அதைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை இல்லாத முதல் மேடை அழகிப் போட்டி. சிறுவயதில் முளைத்த ஆசை வெகு காலம் கழித்தும் வாடாமல் அந்த மேடையைத் தேடி வருவதற்குக் காரணம் அதுதான்.

அழகிப் போட்டிகளுக்கும் வயதுக்கும் உள்ள கணக்கை முதலில் பார்க்க வேண்டும். உலக அழகிப் போட்டி 1951இல் லண்டனில் தொடங்கியது, பிரபஞ்ச அழகிப் போட்டி 1952இல் அமெரிக்காவில். பெண்ணின் அழகுக்கு ஒரு காலாவதித் தேதி உண்டு என்பது இரண்டிலும் எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. பிரபஞ்ச அழகிப் போட்டியில் 28 வயதே மேல்வரம்பு. திருமணமானவர்களுக்கும் தாய்மார்களுக்கும் 2023 வரை அங்கே இடமில்லை, வயது வரம்பு 2024இல்தான் நீங்கியது. நீங்கிய அந்த ஒரே ஆண்டில் நடந்தவை கவனிக்கத்தக்கவை. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் மாகாணப் பட்டத்தை 60 வயது அலெஹாந்திரா ரொத்ரிகஸ் வென்றார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் போட்டியில் 71 வயது மரிஸா தெய்ஹோ மேடையேறினார். மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்துவந்த தென்கொரியாவின் சோய் சூன்-ஹ்வா, எழுபது கடந்து மாடலிங் கற்றுக்கொண்டு, 80 வயதில் தம் நாட்டுத் தேர்வுப் போட்டியின் இறுதிக்கட்டத்தில் நின்றார். கதவைத் திறந்த மறுகணமே இத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்றால், வெளியே எத்தனை காலமாக எத்தனை பேர் காத்திருந்திருக்க வேண்டும்! இந்தப் பெண்களைத் தாமதப்படுத்தியவை திருமணம், குழந்தைகள், பிழைப்பு, விதிப் புத்தகம் ஆகியவை. அவர்களுடைய இளமை அவர்களிடமே இருந்தது, அதை மேடையேற்றத்தான் வாய்ப்பில்லை. திருநங்கையின் தாமதம் இன்னும் ஆழமானது. அவளுக்கு அந்த இளமையே வந்து சேரவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு பெண் பருவமெய்தினால் ஊர் அதைக் கொண்டாடுகிறது. தாய்மாமன் சீர் வரிசையோடு வருகிறார், மஞ்சள் நீராட்டுகிறார்கள், பட்டுப் புடவை உடுத்திப் பந்தலில் உட்கார வைக்கிறார்கள், பார்த்தவர்கள் எல்லாம் 'மகாலட்சுமி மாதிரி இருக்கா' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்தச் சடங்கின் மீது பெண்ணியர்களுக்கு நியாயமான மனத்தாங்கல்கள் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் 'நீ பெண், உன்னைப் பார்க்கிறோம், மகிழ்கிறோம்' என்று ஊர் கூடிச் சொல்லும் ஒரு தருணம் அது. ஆண் பிள்ளையாக வளர்க்கப்பட்ட திருநங்கைக்கு அந்த வயதில் கிடைப்பது அடியும் மிரட்டலும். பிறகு அவள் வீட்டை விட்டு வெளியேறி, ஜமாத் எனப்படும் திருநங்கையர் குழுவில் ஒரு குருவுக்குச் சேலாவாகி, அதாவது சீடராகி, காசு சேர்த்து, 'நிர்வாணம்' என்று அவர்கள் சொல்லும் அறுவைச் சிகிச்சையைக் கடந்து வர வேண்டும். நாற்பதாம் நாள் அவளுக்கு மஞ்சள் பூசி, புதுப் புடவை உடுத்தி, தாங்கள் வணங்கும் மாத்தாவின் முன் நிறுத்துகிறார்கள். மஞ்சள் நீராட்டுக்கு அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த ஈடு என்று இதை வாசிக்கலாம். சட்டத்தின் வழியும் குறுகியதல்ல. மூன்றாம் பாலினத்தாரை உச்ச நீதிமன்றம் ஏற்றது 2014 ஏப்ரல் 15 அன்றுதான். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து அடையாளச் சான்று பெற வேண்டும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திருத்திய சான்றுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். இதையெல்லாம் முடித்து நிற்கும்போது ஒருத்திக்கு இருபத்தெட்டு வயதென்றால், பெண்ணாக அவள் வாழ்ந்திருப்பது நான்கைந்து ஆண்டுகள். திருச்சியிலிருந்து போய் 2018இல் இந்திய அழகிப் பட்டம் வென்ற அனுக்ரீத்தி வாஸுக்கு அப்போது 19 வயது. பத்தொன்பதில் ஒருத்திக்கு இயல்பாகக் கைக்கெட்டும் மேடை இன்னொருத்திக்கு முப்பதிலோ நாற்பதிலோ வருகிறதென்றால், இரண்டாமவளைக் காலம் கடந்து ஆசைப்படுகிறவள் என்று சொல்வது சரியான கணக்கல்ல. அவள் காலத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அந்த ஆசை சிறுவயதிலேயே இருந்தது என்பதற்குத் தமிழில் எழுதப்பட்ட தன்வரலாறுகளே சான்று. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வில் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அக்காவின் பாவாடையை உடுத்திக்கொண்டு பாட்டுக்கு ஆடும் குழந்தையைப் பார்க்கிறோம். நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்த அ. ரேவதியின் தன்வரலாற்றில், மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேடம் போட்ட பள்ளி மாணவனை ஊரே வியந்து பார்க்கிறது. வேடம் கலைந்ததும் அதே நடைக்கும் அதே பேச்சுக்கும் உதை விழுகிறது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், வைஜயந்திமாலா ஆடிய படங்களைப் பார்த்துப் பார்த்து ஆடத் தொடங்கியவர். வீட்டை இழந்து, வேலைகள் செய்து, ஒத்த கனவுடைய தோழி சக்தியோடு சேர்ந்து அலைந்து, தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் மாணவியாகச் சேர்ந்தார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. மூன்று வாழ்க்கைகளும் வெவ்வேறு திசைகளில் போனவை. தொடக்கம் மட்டும் ஒன்றே: கண்ணாடி, புடவை, பாட்டு, பார்க்கும் கண்கள். இதைப் பகட்டு ஆசை என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு குழந்தை தான் யார் என்பதை அறிவதற்கு முன்பே பிறர் பார்வையில் தன்னைத் தேடுகிறது. அந்தப் பார்வை எப்போதும் சரியாகவே கிடைத்துவரும் குழந்தைக்கு மேடை ஒரு கூடுதல் மகிழ்ச்சி. ஒருபோதும் கிடைக்காத குழந்தைக்கு மேடையைத் தவிர வேறு இடமில்லை.

மேடை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பழைய தென்னாற்காடும் வடாற்காடும் தெருக்கூத்தின் மண். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது பாஞ்சாலியாகவும் பொன்னுருவியாகவும் வருகிறவர்கள் மரபாக ஆண்களே. அரிதாரம் பூசி, கொண்டை வைத்து, மார்க்கச்சை கட்டி, திரைக்குப் பின்னிருந்து அந்த ஆண் உடல் பெண்ணாக வெளிப்படும்போது, ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊர் அதை ஏற்கிறது. துகிலுரிதலில் பெண் வேடக்காரர் அழுதால் தாய்மார்களும் அழுகிறார்கள். நல்ல பெண் வேடக்காரரைத் தேடிப் போய் அழைத்து வருகிறார்கள். ஆனால் கூத்து விடியலோடு முடிகிறது. தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, லுங்கி கட்டிக்கொண்டு, கிடைத்த பங்குப் பணத்தோடு அவர் பேருந்து ஏறிவிட வேண்டும். துடைத்த பிறகும் நடையில் பெண்மை மிச்சமிருந்தால் அதற்குப் பெயர் வேறு, மரியாதையும் வேறு. ரேவதியின் குறத்தி வேடத்துக்கு நடந்ததும் இதுவே. வேடம் என்று ஒப்புக்கொள்ளும்வரை ஊருக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

கூத்தாண்டவர் வழிபாடு இதற்கு அடுத்த படி. அர்ச்சுனனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்த அரவான் போருக்கு முன் களப்பலியாவதை, ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே காண்கிறோம். பலியாகப் போகிறவனுக்கு மணமுடிக்க யாரும் பெண் தராததால் கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியானான் என்பது கூவாகத்தில் வாழும் கதை. பதினேழாம் நாள் மாலையிலிருந்து பூசாரிகள் வரிசையில் நிற்பவர்களுக்குத் தாலி கட்டுகிறார்கள். பட்டும் பூவும் வளையலுமாக வந்து தாலி வாங்கியவர்கள் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தி, அதைச் சுற்றி விடிய விடியக் கும்மியடிக்கிறார்கள். வேண்டுதலுக்காகச் சுற்று ஊர்களின் ஆண்களும் தாலி கட்டிக்கொள்வதுண்டு. மறுநாள் காலை தேர். அரவான் தேரேறிப் பலிக்குப் போகிறான், பின்னால் ஒப்பாரி எழுகிறது. பந்தலடியில் அழுகளம். மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறவர்களின் பூவைப் பிய்த்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்து, பூசாரி தாலியை அறுக்கிறார். குளித்து வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். அந்த அழுகையில் சடங்கு எவ்வளவு, சொந்தத் துயரம் எவ்வளவு என்று பிரிக்க முயல்வது வீண். அங்கே இரண்டும் ஒரே கண்ணீர். இந்த வழிபாட்டின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஒரு தெய்வமே பெண்ணாகி மணந்த கதையில் தங்களுக்கு இடம் கண்டவர்களின் மதிநுட்பம் அது. ஆனால் கதையின் கட்டமைப்பைப் பாருங்கள். இங்கேயும் இரவுதான், இங்கேயும் விடிந்தால் கழற்ற வேண்டும். கூத்தில் துடைத்தெடுப்பது அரிதாரம், கூவாகத்தில் அறுத்தெடுப்பது தாலி. மனைவியாகும் உரிமை கைம்மை என்ற விலையோடு சேர்ந்தே வருகிறது. 2019 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டம் கூறும் 'மணமகள்' என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். ஓர் இரவைத் தாண்டி நிலைக்கும் தாலிக்குச் சட்டம் அப்போதுதான் வழிவிட்டது.

இந்தப் பின்னணியில் விழுப்புரத்து மேடையைப் பார்க்கலாம். எச்ஐவி விழிப்புணர்வுப் பணியோடு நெருங்கிப் பிணைந்தது அதன் வளர்ச்சி. இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டன. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. ஆண்டுக்கொரு முறை பல்லாயிரம் திருநங்கையர் ஓரிடத்தில் கூடும் கூவாகம் அத்துறைக்கு அரிய வாய்ப்பாகத் தெரிந்தது. ஆணுறை வழங்கலும் ரத்தப் பரிசோதனை முகாமும் வந்தன, கலைநிகழ்ச்சிகளும் அழகிப் போட்டியும் அவற்றோடு இணைந்தன. சுகாதாரத் துறையின் நோக்கம் எதுவாகவும் இருந்திருக்கட்டும், மேடை கிடைத்ததும் அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதைத் திருநங்கையர் அமைப்புகள் தாங்களே தீர்மானித்துக்கொண்டன. போட்டி சுற்றுகளாக நடக்கிறது. பாரம்பரியப் புடவையில் ஒரு நடை, நவீன உடையில் ஒரு நடை. 'நடை, உடை, பாவனை' என்று மதிப்பெண் போட்டு முதற்கட்டத்தில் சிலரைத் தேர்ந்து, இறுதிச் சுற்றில் கேள்விகள் கேட்கிறார்கள். எச்ஐவி பற்றி, பொது அறிவு பற்றி, திருநங்கையர் உரிமைகள் பற்றி. பிறகு முதல் மூன்று இடங்கள், மகுடம், பரிசுத் தொகை. மேடைக்குக் கீழே குருமார்களும் தோழிகளும் தங்கள் ஜமாத்துப் பெண்ணுக்காகக் கைதட்டி ஆர்ப்பரிக்கிறார்கள். முந்தானை மடிப்பைச் சரிசெய்து அனுப்பிய அதே கைகள்தான் அவை. பெற்ற தாய் இருந்து செய்ய வேண்டியதை வளர்த்த தாய் செய்கிறாள். மறுநாள் நாளிதழில் வெற்றி பெற்றவரின் பெயரோடு ஊர்ப் பெயரும் வருகிறது: சென்னையைச் சேர்ந்தவர், ஈரோட்டைச் சேர்ந்தவர், தருமபுரியைச் சேர்ந்தவர். எந்த ஊர் அவரை இருக்கவிடாமல் விரட்டியதோ அந்த ஊரின் பெயர் அவருடைய பட்டத்தோடு ஒட்டி அச்சாகிறது. அந்த நான்கு வரிச் செய்தியை அற்பமாக நினைக்க என்னால் முடியவில்லை.

மகுடம், தாலி, வெள்ளைப் புடவை ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஒரே பெண்ணிடம் வருகின்றன. இவற்றில் மகுடம் மட்டுமே உடைப்பதற்கென்று செய்யப்படாதது. பட்டமும் ஓராண்டுக்குத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டு இன்னொருத்தி வெல்வதால் இவளுடைய வெற்றி இல்லாமல் போவதில்லை. 'முன்னாள் மிஸ் கூவாகம்' என்று காலமெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். அரவானின் முன்னாள் மனைவி என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது, அடுத்த சித்திரையில் மறுபடி தொடக்கத்திலிருந்தே தாலி கட்டிக்கொள்ள வேண்டும். போட்டி மேடையில் அவள் பாஞ்சாலியும் அல்ல, மோகினியும் அல்ல. தானே வைத்துக்கொண்ட பெயரில் அழைக்கப்பட்டு, அந்தப் பெயரிலேயே வென்று அல்லது தோற்று, அதே புடவையோடு வீதியில் இறங்கி நடந்து போகிறாள். கழற்ற வேண்டிய வேடம் எதுவும் இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது பெண்ணியத்தின் மறுப்பு. 1968இல் அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்க அழகிப் போட்டிக்கு எதிராகப் பெண்கள் திரண்டார்கள். 1970இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் உலக அழகிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே மாவுப் பொட்டலங்களை வீசிப் போராடினார்கள். 1996இல் பெங்களூரில் அதே போட்டி நடந்தபோது எதிர்ப்பு கடுமையாகி, நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மதுரையில் ஓர் இளைஞர் அந்தப் போட்டியை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். பெண்ணுடலை அளந்து மதிப்பெண் போடுவதும், அந்த அளவை அழகுப் பொருள் நிறுவனங்களின் சந்தைக்குப் பயன்படுத்துவதும் குறித்து அவர்கள் வைத்த விமர்சனம் இன்றும் செல்லுபடியாகும். ஆனால் 1970இன் அந்த லண்டன் இரவை முழுவதுமாகப் பார்க்க வேண்டும். வெளியேயும் உள்ளேயும் போராட்டம் நடந்த அதே இரவில் மகுடம் சூடியவர் கிரெனடா தீவின் ஜெனிபர் ஹாஸ்டன். உலக அழகிப் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். போராடியவர்கள் தங்கள் உடல் எந்நேரமும் பார்க்கப்படுவதிலிருந்து விடுதலை கேட்டார்கள். வென்றவரோ, அழகு என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கப்படாத ஓர் இனத்திலிருந்து வந்தவர். இருவருமே நியாயமான இடத்தில் நின்றார்கள் என்றே நினைக்கிறேன். திருநங்கை ஹாஸ்டனின் பக்கம் நிற்பவள். பேருந்து நிலையத்தில் அவள் மீது விழும் பார்வைகள் ஏராளம். அருவருப்பாகவோ கேலியாகவோ இச்சையாகவோ அவை விழுகின்றன. அவளுக்குக் கிடைக்காதது மதிப்பான பார்வை. ஐதராபாத் ஹிஜ்ராக்களிடையே ஆய்வு செய்த காயத்ரி ரெட்டி 2005இல் வெளியிட்ட நூலில், அவர்களின் வாழ்வைப் புரிந்துகொள்ளப் பாலுறுப்பையும் பாலியலையும் மட்டும் பார்ப்பது போதாது, மானமும் மரியாதையுமே மையம் என்று நிறுவுகிறார். பார்க்கப்படாமல் இருக்கும் உரிமையை ஒருவர் கேட்கலாம், மரியாதையோடு பார்க்கப்படும் உரிமையை இன்னொருவர் கேட்கலாம். முன்னதை வைத்துப் பின்னதை மறுப்பது பெண்ணியத்தின் வேலையாக இருக்க முடியாது.

இரண்டாவது மறுப்பை நான் பெருமளவுக்கு ஏற்கிறேன். இந்தப் போட்டிகளும் சிவப்புத் தோலையும் மெலிந்த உடலையும் நீண்ட கூந்தலையுமே தேடுகின்றன, 'பெண்போலவே' தெரிகிறவர்களுக்கே முன்னுரிமை தருகின்றன என்பது அந்த மறுப்பு. முகத்து முடியை லேசரில் நீக்கவும் ஹார்மோன் எடுக்கவும் மார்பக அறுவைச் சிகிச்சைக்கும் செலவழிக்க முடிந்தவரும், காலையில் சவரம் செய்துகொண்டு கடைதோறும் காசு வாங்கும் 'கடை கேட்டலுக்கு'ப் போகிறவரும் ஒரே மேடையில் சமமாக நிற்க முடியாது. தாமதமாக வருகிறவர்களுக்கு இந்தக் குறை இன்னும் கூர்மையாகக் குத்துகிறது. ஆண் பருவம் முழுமையாக முற்றிய பின் மாறிய உடலில் தோளும் தாடையும் குரலும் எளிதில் இளகுவதில்லை. ஆகவே இளம் வயதில் மாற வாய்ப்புப் பெற்றவரே வெல்லக்கூடியவராகிறார். யாரிடமிருந்து காலம் திருடப்பட்டதோ அவரையே போட்டி மறுபடி தண்டிக்கிறது. இதற்குப் பதில் போட்டியை ஒழிப்பதல்ல, அளவுகோலை மாற்றுவது. தோற்றத்தின் பங்கைக் குறைத்துப் பேச்சுக்கும் கேள்விச் சுற்றுக்கும் மதிப்பெண்ணைக் கூட்டலாம். ஒப்பனையும் உடையும் அனைவருக்கும் ஒரே செலவு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். நடுவர்களாகச் சினிமாக்காரர்களோடு மூத்த திருநங்கையரையும் உட்காரவைக்கலாம். தாய்லாந்தில் 2004இல் பட்டாயாவில் தொடங்கிய சர்வதேசத் திருநங்கையர் போட்டியின் பளபளப்பு நம் ஊர் அமைப்பாளர்களை ஈர்ப்பது புரிகிறது. ஆனால் அது சுற்றுலாத் தொழிலை ஒட்டி வளர்ந்த மேடை. கூவாகத்து மேடைக்கு வேறு வேர் இருக்கிறது, அந்த வேருக்கேற்ற அளவுகோலும் இருக்கலாம்.

சோற்றுக்கு வழியில்லாதவர்களுக்கு மகுடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 'இதரர்' என்று பதிவானவர்கள் 22,364 பேர். உண்மை எண்ணிக்கை அதைவிட அதிகம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவர்களில் நிலையான வேலை உள்ளவர்கள் சிறுபான்மை. பலருக்கும் கடை கேட்பதும் பாலியல் தொழிலுமே இன்னும் பிழைப்பு. வென்றவர்கள் மேடையிலேயே மைக்கைப் பிடித்து வேலைவாய்ப்பும் இடஒதுக்கீடும் கேட்பது வழக்கமாகிவிட்டது. மகுடத்தால் பசி தீராது என்பது மகுடம் சூடியவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கேள்விக்குள் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. வறியவர்கள் சோற்றை மட்டுமே விரும்ப வேண்டும், அழகையும் கொண்டாட்டத்தையும் விரும்பினால் அது தகுதிக்கு மீறியது என்ற எண்ணம் அது. 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்து நாட்டுக்கே முன்னோடியான தமிழ்நாடு, கட்டணமின்றி அறுவைச் சிகிச்சையும் தந்தது, ஏப்ரல் 15ஐத் திருநங்கையர் நாளாக அறிவித்தும் கொண்டாடுகிறது. அரசே ஒரு நாளைக் கொண்டாட்டத்துக்கென ஒதுக்கியதன் பொருள், நலத்திட்டமும் விழாவும் ஒன்றையொன்று தின்றுவிடாது என்பதுதானே. போட்டியில் வென்ற பெயர் கிடைத்த பிறகு பிறந்த வீட்டு வாசல் மறுபடி திறப்பதும் நடக்கிறது. தினசரியில் படம் வந்த பெண்ணை உறவினர்கள் வேறு கண்ணால் பார்க்கிறார்கள். அது வெட்கக்கேடான காரணம்தான், ஆனாலும் கதவு திறக்கிறது.

விழாவின் புனிதத்தைப் போட்டி கெடுக்கிறது, செய்தியாளர்களும் கேமராக்களும் பெருகி வழிபாடே காட்சியாகிவிட்டது என்ற மனக்குறையும் உண்டு. கேமராத் தொல்லை உண்மை. அழுகளத்தில் கண்ணீர் விடுபவரின் முகத்துக்கு அருகே லென்ஸை நீட்டுவது அநாகரிகம், அதைத் தடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கேமராக்கள் தேடி வருவது தாலி கட்டும் இரவையும் அழுகளத்தையுமே. போட்டி மேடையில் நிற்பவர் படமெடுக்கப்படுவதற்கு ஒப்பியே நிற்கிறார், பந்தலடியில் விழுந்து அழுபவரிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை. காட்சிப்பொருளாக்கல் எங்கே நடக்கிறது என்ற கேள்விக்கு இந்த வேறுபாடே விடை. பசிபிக் தீவு நாடான டோங்காவில் 1993 முதல் 'மிஸ் கேலக்ஸி' என்ற போட்டியை அங்குள்ள லேய்த்திகள் நடத்துகிறார்கள். ஆண்களாகப் பிறந்து பெண்மையோடு வாழ்பவர்கள் அவர்கள். அதை ஆராய்ந்த நிகோ பெஸ்னியே, அரங்கம் அவர்களைப் பாராட்டுவதும் கேலி செய்வதும் ஒரே மாலையில் நடப்பதைக் காட்டுகிறார். சின்னஞ்சிறு ஊர் தங்களுக்குத் தரும் இடம் போதாதபோது, பெரிய உலகத்தின் மகுடத்தையும் ஒளியையும் கடன் வாங்கி அந்த ஊருக்குள்ளேயே தங்களைப் பெரியவர்களாக நிறுத்திக்கொள்கிறார்கள். 'மிஸ் கூவாகம்' என்ற பெயரிலும் அந்தத் துணிவு இருக்கிறது. பிரபஞ்சமும் உலகமும் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிற்றூரின் பெயர். கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகம் இந்தப் பெயரின் மதிப்பை உணர்ந்து, உளுந்தூர்பேட்டையிலேயே நல்ல அரங்கும் பாதுகாப்பான தங்குமிடமும் கழிப்பறைகளும் ஏற்படுத்தித் தந்தால், போட்டி தன் பெயருக்குரிய மண்ணிலேயே நிலைகொள்ளும்.

கடைசியாக மூத்தவர்களைப் பற்றி. ஐம்பது வயதில் ஒருத்தி மகுடத்துக்கு ஆசைப்படுவது பரிதாபமானது, அவளை மேடையேற்றிக் கேலிக்கு உள்ளாக்க வேண்டாம் என்று அக்கறையோடேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விழுப்புரத்து மேடையில் நிற்போரில் பெரும்பாலோர் இளையவர்களே. அவர்களுக்குக் கொண்டை போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து கைதட்டும் குருமார்கள் இளம்பெண்களாக இருந்த காலத்தில் நல வாரியமும் இல்லை, கட்டணமில்லா அறுவைச் சிகிச்சையும் இல்லை, பலருக்கு ரேஷன் அட்டைகூட இல்லை. 40 வயது கடந்த ஆதரவற்ற திருநங்கையருக்குத் தமிழ்நாடு அரசு மாதாந்திர உதவித்தொகை தருகிறது. மற்றவர்களுக்கு 60 என்று வைத்த முதுமையை இவர்களுக்கு 40லேயே தொடங்கவைத்திருக்கிறது அந்த விதி. இந்த வாழ்க்கை உடலை எவ்வளவு விரைவாகத் தேய்க்கிறது என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. பெண்ணாக வாழத் தொடங்கியதே இருபத்தைந்தில், முதுமை நாற்பதில் என்றால், நடுவில் இருக்கும் பதினைந்து ஆண்டுகளும் பிழைப்புக்கே போய்விட்டவருக்கு ஆசை எஞ்சியிருப்பதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது? சோய் சூன்-ஹ்வா எண்பதில் சியோலில் மேடையேறியபோது உலகம் வியந்து பாராட்டியது. அந்த வியப்பை நம்மூர் மூத்தவளுக்குத் தர மறுப்பது அவள் வயதாலா, அவள் யார் என்பதாலா என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கென ஒரு தனிப் பிரிவை 'மிஸ் கூவாகம்' அமைப்பாளர்கள் ஏற்படுத்தலாம். புடவைச் சுற்று ஒன்று போதும். கேள்விச் சுற்றில் பொது அறிவு வேண்டாம். எந்த ஆண்டு முதன்முதலில் கூவாகம் வந்தீர்கள், யாரோடு வந்தீர்கள், காவல்துறை அப்போது எப்படி நடத்தியது, எத்தனை மகள்களை வளர்த்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். எழுதப்படாத ஒரு வரலாறு அந்த மைக்கில் பதிவாகும். அதற்கு வேண்டியவை கூடுதலாக ஒரு மகுடமும் அறிவிப்பில் ஒரு வரியும். அடுத்த சித்திரைக்கே வைத்துவிடலாம்.